பல் முளைக்கிற குழந்தைக்கு அம்பர் மாலை வாங்கி ஏமாந்தோம், நீங்கள் வாங்காதீர்கள்

போன மாதம் ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் குழந்தைப் பொருள் கண்காட்சி போட்டிருந்தார்கள். அங்கே ஒரு கடையில் 1,850 ரூபாய் கொடுத்து எங்கள் ஏழு மாதப் பாப்பாவுக்கு, கல்லாக இறுகிய மரப்பிசினான அம்பரில் செய்தது என்று சொல்லி விற்ற ஒரு மாலை வாங்கினேன். தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணி, மொத்தம் 33. கழுத்தில் போட்டால் பல் முளைக்கிற வலி தெரியாது என்றார்கள்.

அதற்கு முந்தைய வாரம் முழுக்க வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பாப்பாவுக்குக் கீழ் ஈறு சிவந்து தடித்திருந்தது, எச்சில் ஒழுகி ஒழுகிக் கழுத்து மடிப்பெல்லாம் புண். அத்தையும் நானும் மாறி மாறித் தோளில் போட்டு நடந்தோம். அந்த நிலையில் யார் எதை நீட்டினாலும் வாங்கத்தான் தோன்றும்.

கடைக்காரம்மா நன்றாகப் பேசினார். "இது பால்டிக் கடல் அம்பருங்க. உடம்புச் சூடு பட்டா உள்ளே இருக்கிற சக்சினிக் அமிலம் தோல் வழியா எறங்கி வலியை எடுத்துரும். ராத்திரியும் கழட்டாதீங்க கண்ணு, அப்பத்தான் வேலை செய்யும்." நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அசல்தானுங்களா?" ஏழு மாதக் குழந்தையின் கழுத்தில் ஒரு கயிற்றை இரவெல்லாம் விடலாமா என்று கேட்கவே இல்லை. இன்றும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஒன்பதாம் நாள் மதியம் பாப்பா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாதிரி சப்புக் கொட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நூல் அறுந்து மணிகள் சேலைக்குள் சிதறிக் கிடந்தன, நாக்கு நுனியில் ஒன்று. நல்ல வேளையாகக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்ததால் பக்கவாட்டில் சுண்டுவிரலை விட்டு எடுத்துவிட்டேன். அப்புறம் எண்ணினோம். 32. இன்னொன்று எங்கே? மாமா தரையைத் துடைப்பத்தால் கூட்டிக் கூட்டிப் பார்த்தார், அத்தை பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கட்டில் காலுக்கு அடியில் கிடைத்தது. ஒவ்வொரு மணிக்கும் நடுவே தனித்தனி முடிச்சு, அறுந்தாலும் ஒன்றுதான் விழும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். ஒரு முடிச்சுகூட இல்லை.

மாமா கோபிசெட்டிபாளையம் பக்கம் நெல் வைக்கிறவர். விதைநெல்லில் பதரைப் பிரிக்க, முட்டை மிதக்கும் வரை தண்ணீரில் உப்பைக் கரைப்பார்கள். அசல் அம்பர் அடர்த்தி குறைந்தது, நல்ல உப்புக் கரைசலில் மிதக்கும் என்று படித்துச் சொன்னேன். அதே மாதிரி ஒரு குண்டாவில் கரைத்து, முட்டை நன்றாக மேலே வரும் வரை உப்பைச் சேர்த்து, 33 மணியையும் போட்டார். அத்தனையும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. (மிதந்திருந்தாலும் அசல் என்று சொல்ல முடியாது, சில பிளாஸ்டிக்கும் மிதக்கும்.)

ஆனால் போலி என்பதுகூட இரண்டாவது விஷயம்தான். அசலாக இருந்திருந்தாலும் பாப்பாவுக்கு இதே ஆபத்துதான். பால்டிக் அம்பரில் சக்சினிக் அமிலம் இருப்பது உண்மை. ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகள் இறுகிப்போன மரப்பிசின், உடம்புச் சூட்டில் இளகி எதையும் கசியவிடாது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரிலேயே இந்த மாதிரி மாலை, வளையல் எதுவும் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. 18 மாதக் குழந்தை ஒன்று அம்பர் மாலையோடு தூங்கும்போது கழுத்து இறுகி இறந்ததை அதில் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

மாலையோடு ஒரு ஜெல் டியூபையும் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். டாக்டரிடம் காட்டினோம். பொடி எழுத்தில் லிக்னோகெய்ன் என்று இருந்தது, மரத்துப்போகச் செய்யும் மருந்து. எச்சிலோடு தொண்டைக்குப் போனால் விழுங்குவதே தடுமாறும், அளவு கூடினால் வலிப்பும் இதயக் கோளாறும் வரலாம் என்றார். அதே மாதிரி மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் கலந்த ஜெல்லும் கூடாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடக்கூடும். "அப்படீன்னா கையில போட்டிருக்கிற வசம்பு வளையல் இருக்கலாமுங்களா?" என்று அத்தை கேட்டார். நம் பக்கம் பிள்ளைக்கு வசம்பு கட்டாத வீடு இல்லை. கையில் கட்டினாலும் குழந்தை அதைக் கடித்துச் சப்பத்தான் செய்யும், அதுவும் வேண்டாமுங்க என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அத்தை மறு பேச்சில்லாமல் கழற்றி வைத்துவிட்டார்.

கடைக்காரம்மா சொன்ன இன்னொன்றையும் நம்பியிருந்தோம், "பல்லு மொளைக்கறப்போ காய்ச்சலும் பேதியும் வரும்" என்று. நடுவில் ஒரு நாள் பாப்பாவுக்கு 101 டிகிரி அடித்தபோது பல்தான் என்று ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்தோம். பல் முளைத்தால் லேசாக உடம்பு கதகதக்கலாம், 100.4க்கு மேல் போனால் காரணம் வேறு. ஆறு மாதத்துக்கு மேல் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, குழந்தையும் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. அதே நேரத்தில் பல்லும் வருவதால் பழி பல் மேல் விழுகிறது.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் ஈறை ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்தித் தேய்க்கிறோம். சுத்தமான பருத்தித் துணியை, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்து, நாங்கள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கடிக்கக் கொடுக்கிறோம். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, கெட்டியாக உறைந்தது ஈறைக் காயப்படுத்தும். உள்ளே தண்ணீர் இல்லாத, ஒரே துண்டாக வார்த்த ரப்பர் வளையமும் ஒன்று வாங்கினோம். எச்சிலை ஒற்றி எடுத்துக் கழுத்தில் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். ரொம்ப முடியாத இரவுக்கு மட்டும், டாக்டர் எடை பார்த்து எழுதிக் கொடுத்த அளவில் பாராசிட்டமால். ஒரு வயசுக்குள் தேன் தொட்டு வைப்பதே வேண்டாம், பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். பால் பல் 20ம் வந்து முடிய மூன்று வயசு ஆகிவிடும், அதனால் இதெல்லாம் ரொம்ப நாளைக்கு வேண்டியிருக்கும்.

கடைக்குப் போன் செய்தால், "தூங்கறப்போ கழட்டணும்னு அட்டைக்குள்ள எழுதியிருக்குதுங்களே" என்றார்கள். இருந்தது, உள்மடிப்பில், எறும்பு மாதிரி ஆங்கிலத்தில். பணம் திரும்பத் தரமாட்டோம் என்று சொல்லி எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஜிபே செய்த பதிவையும் மாலையின் படத்தையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதே கடை அடுத்ததாகத் திருப்பூரில் போடுவதாக விளம்பரம் பார்த்தேன்.

மணி தொண்டையில் அடைத்துக் குழந்தைக்கு அழவோ இருமவோ முடியவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள். ஒரு வயசுக்குள் உள்ள குழந்தை என்றால், தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சின் நடுவே 5 அழுத்து, வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. இன்னொருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். ஏற்கெனவே மாலை போட்டிருக்கிறவர்கள் காலை வரை காத்திருக்காதீர்கள், தூங்குகிற குழந்தையாக இருந்தாலும் இப்போதே கழற்றிவிடுங்கள்.