பண்ணை ஓனருக்கு லேபர் ட்ரெயினிங்: ஏசி ஹாலா, சர்டிஃபிகேட்டா, களத்துமேடா?

சென்னைல வேலை, மதுராந்தகம் உத்திரமேரூர் திருவள்ளூர் பக்கம் நாலஞ்சு ஏக்கர் நிலம்னு இருக்கறவங்க இப்ப ஏகப்பட்ட பேர். சவுக்கோ மாந்தோப்போ கத்திரியோ, ஆள் வெச்சாதான் வேலை நடக்கும், ஆள் வெச்சுட்டா நாம முதலாளி. "விவசாயத்துக்கு லேபர் சட்டமெல்லாம் ஏது"ன்னு இன்னும் பேசறாங்க, 1948 குறைந்தபட்சக் கூலி சட்டத்தோட அட்டவணையிலயே விவசாயம் இருந்துச்சு. சரி, கத்துக்கணும்னு முடிவு பண்ணியாச்சு, எங்க கத்துக்கறது?

முதல்ல கன்சல்டன்ட் வகுப்பு. கிண்டியிலயோ தி.நகர்லயோ ஒரு ஹால், காலைல பொங்கல் வடை, நாள் பூரா ஸ்லைடு, சாயங்காலம் கையில ஒரு சர்டிஃபிகேட். கிண்டல் பண்ணல, 2025 நவம்பர் 21ல மத்திய அரசோட நாலு லேபர் கோடும், அதாவது தொழிலாளர் சட்டத் தொகுப்பு, அமலுக்கு வந்து பழைய 29 சட்டம் அதுக்குள்ள போயிடுச்சு, எது எங்க போச்சுன்னு ஒருத்தர் வரிசையா சொன்னா நமக்கு லாபம்தான். ஆனா பண்ணைக்காரனை நெஜமாவே கோர்ட் படி ஏத்தக்கூடிய மூணு சட்டம் அந்தக் கோடுகளுக்கு வெளியவே நிக்குது. 1976 கொத்தடிமை ஒழிப்பு, 1986 குழந்தைத் தொழிலாளர், அப்புறம் பாலியல் தொல்லைக்கான 2013 போஷ் சட்டம். கோடு கோடுன்னு பேசி முடிச்சுட்டு இந்த மூணையும் கடைசி அஞ்சு நிமிஷத்துல தள்ளிவிடற வகுப்புன்னா பீஸ் தண்டம்.

கொத்தடிமை பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். நம்ம பக்கம் சவுக்கு வெட்டுக்கு இருளர் குடும்பங்களுக்கு அட்வான்ஸ் குடுத்துக் கூட்டிட்டு வர்ற வழக்கம் ரொம்ப நாளா இருக்கு. அட்வான்ஸ் குடுத்ததே குத்தம்னு யாரும் சொல்லல, அது கழியற வரைக்கும் வேற எங்கயும் போகக்கூடாது, இவ்ளோதான் கூலின்னு ஆச்சுன்னா மாட்டினோம். இது கொத்தடிமைக் கடன் இல்லன்னு நிரூபிக்கற பொறுப்பு கடன் குடுத்தவன் தலையிலதான்னு 15வது பிரிவு சொல்லுது, தண்டனை மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். போதாததுக்கு 1982ல, டெல்லி ஏசியாட் விளையாட்டுக்குக் கட்டட வேலை செஞ்ச தொழிலாளர் வழக்குல சுப்ரீம் கோர்ட், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ குடுத்து வாங்கற வேலையே கட்டாய உழைப்புதான்னு சொல்லிடுச்சு, அதனால "நான் யாரையும் பூட்டி வெக்கலையே சார்" எடுபடாது.

இப்ப மேஸ்திரி சட்டைப் பாக்கெட்ல இருக்கற டைரியை நெனச்சுப் பாருங்க. பேருக்கு நேரா முழு நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்குப் பாதிக் கோடு, ஓரத்துல "அரிசி 400, மாத்திரை 120, பாக்கி 6,300". அந்த 6,300 எப்படி வந்துச்சுன்னு ஓனருக்கும் தெரியாது, மரம் வெட்டற அம்மாவுக்கும் தெரியாது. வகுப்புல உக்காந்து நோட்ஸ் எடுக்கறது ஓனர், டைரி எழுதறது மேஸ்திரி. ஹால் ட்ரெயினிங் தோக்கற இடமே இதுதான்னு நான் சொல்வேன்.

ரெண்டாவது, சர்டிஃபிகேட்டோட ஒட்டி வர்ற ட்ரெயினிங். ஐரோப்பாவுக்கு ஏத்துமதின்னா குளோபல் கேப்னு பண்ணைக்கான ஒரு தரச் சர்டிஃபிகேட் கேப்பாங்க, அதோட சேர்த்து கிராஸ்ப்னு தொழிலாளர் நிலைமையைப் பாக்கற ஒரு பகுதி இருக்கு. தொழிலாளர் பிரதிநிதி யாரு, புகார் எங்க சொல்றது, கூலிச் சீட்டு இருக்கா, வேலை நேரம் எழுதறீங்களா, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுதான்னு எல்லாம் கேக்கும். கேள்வி சரியான கேள்வி. ஆனா ஆடிட்டர் வர்றதுக்கு முந்தின வாரம் ரிஜிஸ்டர் எழுதற ஊர் நம்ம ஊரு. டீ, காபி தோட்டங்களுக்கு சர்டிஃபிகேட் குடுக்கற ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பு அவங்க 2020 தரநிலையில கொஞ்சம் புத்திசாலித்தனமா மாத்தினாங்க, வெறும் தடைன்னு சொன்னா ஆளுங்க மறைப்பாங்கன்னு புரிஞ்சு, குழந்தை உழைப்பு மாதிரி பிரச்சனைய நீயே தேடு, கிடைச்சா சரிபண்ணுன்னு வெச்சாங்க. டீ எஸ்டேட்டுக்கு சரி. கோயம்பேட்டுக்கு வெண்டைக்கா அனுப்பறவருக்கு இந்தச் செலவு எதுக்கு?

மூணாவது எனக்குப் புடிச்சது, ஐஎல்ஓன்னு சொல்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட விண்ட் முறை. வியட்நாம் மேகாங் டெல்டாவுல 1990கள்ல ஆரம்பிச்சது. லெக்சர் கம்மி. ஒரு செக்லிஸ்ட் எடுத்துக்கிட்டு பக்கத்துப் பண்ணையைச் சுத்திப் பாக்கணும், நல்லா பண்ணியிருக்கறதை போட்டோ புடிக்கணும், காசு அதிகம் ஆகாத மாத்தம் எதுன்னு அங்கயே உக்காந்து முடிவு பண்ணணும். குடிதண்ணி எவ்ளோ தூரம், பொம்பளைங்க ஒதுங்க இடம் இருக்கா, மருந்து எங்க வெச்சிருக்கீங்கன்னு நடந்து பாத்தா மறுக்க முடியாது. பாட்டில்ல சிவப்பு முக்கோணம் இருக்கும், அதாவது கடும் விஷம், அதை பக்கெட்ல ஊத்தி வெறுங்கையால கலக்கிட்டிருப்பார் ஒருத்தர். பாதுகாப்பு உடை குடுக்கணும்னு 1971 பூச்சிக்கொல்லி விதிகளே சொல்லுது, ஸ்லைடுல பத்து தடவை படிச்சாலும் ஏறாதது அந்தக் கையைப் பாத்தா ஏறும். ஒரே குறை, தண்ணி கக்கூஸ் கையுறை எல்லாம் சரியாகும், அட்வான்ஸ் கூலின்னு பேச்சு வந்தா எல்லாரும் வரப்பைப் பாப்பாங்க.

ஃப்ளோரிடா தக்காளிப் பண்ணைல நடக்கற ஃபேர் ஃபுட் ப்ரோகிராம் இது எல்லாத்தையும் தாண்டினது. அங்க வகுப்பு எடுக்கறதே தொழிலாளர்கள், அதுவும் கூலி ஓடற நேரத்துல, புகாருக்கு 24 மணி நேர போன் வேற. தப்பு பண்ணி சஸ்பெண்ட் ஆன பண்ணைல, இதுல சேர்ந்த வால்மார்ட் மாதிரி கம்பெனி தக்காளி வாங்க முடியாது, அதனால ஓனர் தானா கத்துக்கறார். நம்மகிட்ட அப்படி நிக்கற வியாபாரி இல்ல. தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட அந்த மாதிரி வந்தது தொழிற்சங்கமும் கம்பெனிகளும் போட்ட 2022 திண்டுக்கல் ஒப்பந்தம், ஆனா அது துணி மில் சமாச்சாரம்.

என்னைக் கேட்டா, எக்ஸ்போர்ட் இருந்தா கிராஸ்ப் எடுத்துக்கங்க. இல்லன்னா நாலஞ்சு ஓனர் சேர்ந்து ஒரு நாள் விண்ட் மாதிரி பண்ணை சுத்துங்க, மதியம் ஒரு லேபர் வக்கீலைக் களத்துக்கே கூட்டிட்டு வந்து அந்த மூணு சட்டத்தை மட்டும் ரெண்டு மணி நேரம் பேசச் சொல்லுங்க. பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா பாலியல் தொல்லை புகாரை விசாரிக்கற போஷ் கமிட்டி அன்னைக்கே போடுங்க, கம்மின்னா மாவட்ட உள்ளூர் கமிட்டி நம்பரை மோட்டார் ரூம் சுவத்துல எழுதுங்க. மேஸ்திரி டைரியோட வரணும், வேலை செய்யறவங்க வரணும், அவங்களுக்கு அன்னைக்குக் கூலி உண்டு. இதையெல்லாம் சவுக்கு வெட்டு சீசனுக்கு முன்னாடி வெச்சுக்கங்க, அட்வான்ஸ் கைமாறின பிறகு வெச்சா அந்த ஆளுங்க யாரும் உங்க முன்னாடி வாயைத் தொறக்க மாட்டாங்க.