டிரெயினை விட்டுவைப்பதா, எடுத்துவிட்டு ஊசியால் உறிஞ்சுவதா?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டால், அறுபட்ட நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டுதான் இருக்கும். அதை வெளியே இழுக்க, தோலுக்கடியில் ஒரு ட்யூப் வைத்து அதன் நுனியில் உறிஞ்சும் டப்பா ஒன்றை மாட்டிவிடுவார்கள், இதுதான் டிரெயின் (drain). அம்மாவுக்கு முதலில் சிவப்பாக வந்தது, அப்புறம் ரோஸ், ஒரு வாரத்தில் இளமஞ்சள்.

இதில் டாக்டர்களிடையே இரண்டு வழக்கம் உண்டு. 24 மணி நேரத்தில் வரும் நீர் 30 மில்லிக்குக் கீழே இறங்கி, இரண்டு நாள் அப்படியே இருக்கும்வரை டிரெயினை விட்டுவைப்பது ஒன்று. சீக்கிரமே எடுத்துவிட்டு, நீர் கோத்துக்கொண்டால் (இதைத்தான் செரோமா என்கிறார்கள்) ஊசியால் உறிஞ்சுவது இன்னொன்று.

எங்களுக்கு ஆஸ்பத்திரி மூன்று மணி நேர பஸ் பயணம். அதனால் டிரெயினோடுதான் வீட்டுக்கு வந்தோம். தினமும் காலை ஏழு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு மூடியைத் திறப்பேன், அளவு டம்ளரில் ஊற்றி நோட்டில் எழுதுவேன், பிறகு டப்பாவை நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மூட வேண்டும், அமுக்காமல் மூடினால் அது உறிஞ்சவே உறிஞ்சாது. முதல் நாள் இதைத் தவறவிட்டேன், மறுநாள் கட்டெல்லாம் நனைந்துவிட்டது. பழைய ரவிக்கைத் துணியில் ஒரு பை தைத்து டப்பாவைத் தோளில் மாட்டிவிட்டேன். தூக்கம்தான் சிரமம், திரும்பிப் படுக்க முடியாது. நாள் கூடக் கூட ட்யூப் வழியே கிருமி ஏறும் பயமும் கூடும்.

ஊசி முறையில் இந்தத் தொல்லை இல்லை, நிம்மதியாகக் குளிக்கலாம். அக்குள் ஆபரேஷனில் தோல் நரம்பும் பெரும்பாலும் அறுபடுவதால் அந்த இடம் மரத்துப்போயிருக்கும், குத்துவது அவ்வளவாக வலிக்காது. ஆனால் உறிஞ்சிய நீர் மறுபடி கோக்கும், மறுபடி போக வேண்டும், ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாசல். அதனால்தான் சின்ன வீக்கத்தைக் குத்தாமல் விட்டுவிடுகிறார்கள், சில வாரங்களில் உடம்பே இழுத்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரி தூரமென்றால் டிரெயின்தான் என்பேன். பக்கத்திலேயே இருந்து, இரண்டு வாரம் தாண்டியும் நீர் குறையவில்லையென்றால், எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். எதுவானாலும் விரல், முழங்கை அசைவுகளை மறுநாளே தொடங்கலாம், தோளை முழுக்கத் தூக்கும் பயிற்சிக்கு மட்டும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்வார்கள், அவசரப்பட்டால் கசிவு கூடும். தோல் சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, நீர் நாறினாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

அம்மாவுக்கு 15-ஆம் நாள் 25 மில்லி, 16-ஆம் நாள் 20. எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அக்குளுக்குக் கீழே எலுமிச்சை அளவுக்குத் தளும்பியது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு ஊசி வேண்டாம் என்றார், ஒரு மாதத்தில் வற்றிவிட்டது.