"சீல் பிரிக்காத பெட்டி"ன்னு நம்பி ஸ்பிட்ஃபயர் மாடல் விமான கிட் வாங்கி ஏமாந்த கதை, பழைய கிட் வாங்குறவங்க ஒரு தடவை படிச்சிருங்க

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா இழுத்துட்டே இருந்தேன், ஏன்னா பாதி தப்பு என் மேலயும் இருக்கு, அதையும் சேர்த்து சொல்லணும்னா கொஞ்சம் கூச்சமா இருக்கு. ஆனா நேத்து பார்த்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் சும்மா இருக்க முடியல. (அது என்னன்னு கடைசில சொல்றேன்.)

எனக்கு ரொம்ப நாளா 1/48 (நிஜத்துல 48ல ஒரு பங்கு அளவு) ஸ்பிட்ஃபயர் மார்க் 9 ஒண்ணு கட்டணும்னு ஆசை, ரெண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர் விமானம் அது. மார்க் 1, மார்க் 5 எல்லாம் ஏற்கனவே அலமாரில நிக்குது, மார்க் 9 மட்டும் தான் பாக்கி. நான் தேடின கிட் இப்போ தயாரிப்புல இல்ல, அதனால செகண்ட் ஹேண்ட்ல தான் தேடணும். அப்படி தேடும்போது பழைய பொருள் விக்கிற ஒரு தளத்துல ஒருத்தர் போட்ட விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. பூப்போட்ட பெட்ஷீட் மேல பளபளன்னு பெட்டி, மேல இறுக்கமா ஷ்ரிங்க் ராப் (சூட்டுல சுருங்குற பிளாஸ்டிக் உறை), கூடவே அதே கிட்டுக்குன்னு ரெசின்ல வார்த்து செஞ்ச காக்பிட் செட், அதாவது விமானி உக்கார்ற இடத்தோட பார்ட்ஸ், ஒரு கவர்ல. "கலெக்‌ஷனை குறைக்கிறேன், சீல் கூட பிரிக்கல"ன்னு எழுதியிருந்தார். விலையும் மத்தவங்க கேக்குறதை விட நல்லாவே கம்மி. அங்கேயே சுதாரிச்சிருக்கணும், ஆனா ஆசை கண்ணை மறைச்சிருச்சு.

உள்ள இருக்கிற ஸ்ப்ரூ (பார்ட்ஸ் எல்லாம் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் பிரேம்) போட்டோ கேட்டேன். "சீல் பிரிச்சா மதிப்பு போயிரும், நீங்களே பிரிச்சு பாருங்க, அதுல தான் த்ரில்லே"ன்னார். எனக்கும் அது நியாயமா தான் பட்டுச்சு, யாரா இருந்தாலும் சீல் பிரிக்காம கிடைச்சா நல்லதுன்னு தானே நினைப்போம். அப்புறம் பணத்தை அந்த தளம் வழியா அனுப்பாம நேரா அனுப்பிருங்க, கமிஷன் மிச்சம், அதுலயும் கொஞ்சம் குறைச்சுக்கறேன்னார். அனுப்பினேன். ஆமா, அனுப்பினேன், திட்டறவங்க திட்டிக்கோங்க.

பெட்டி பத்திரமா வந்து சேர்ந்துச்சு. வந்ததும் பிரிச்சிருந்தா கதையே வேற. நம்ம ஆளுங்க பழக்கம் தெரியும்ல, வாங்குறது ஒரு வேகம், கட்டுறது ஒரு வேகம், நடுவுல கட்டில் அடியில பெட்டி மேல பெட்டியா அடுக்கிட்டே போவோம். நானும் ராப் கூட கிழிக்காம அடுக்கில வச்சுட்டு கையில இருந்த வேலையை முடிக்க போயிட்டேன். ஆறு வாரம் கழிச்சு தான் எடுத்தேன்.

பிரிச்சதும் முதல்ல உறுத்தினது கவர். பெட்டி மேல அவ்ளோ நேர்த்தியா ராப், ஆனா உள்ள பார்ட்ஸ் இருந்த கவர் வாயில ஸ்டேப்ளர் பின் அடிச்சிருக்கு, மேல ஏதோ ஸ்டிக்கரை கிழிச்ச பிசுபிசுப்பு வேற. கண்ணாடி பார்ட்ஸ் இருக்கிற ஸ்ப்ரூல தெளிவா ஒரு கைரேகை. கேனபியை (விமானி தலைக்கு மேல வர்ற கண்ணாடி மூடி) யாரோ பிரேம்ல இருந்து வெட்டி எடுத்து, மனசு மாறி திரும்ப அதே இடத்துல சொருகி வச்ச மாதிரி இருந்துச்சு. சரி, ஏதோ பழைய ஸ்டாக், யாராவது பிரிச்சு பார்த்திருப்பாங்கன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மேனுவல் மார்க் 9 தான், பெட்டி மார்க் 9 தான், அப்புறம் என்ன.

புரொப்பெல்லரை எடுத்தப்ப தான் வயித்துல கல்லை கட்டின மாதிரி ஆச்சு. பிளேடு மூணு. மார்க் 9க்கு நாலு பிளேடு. சரி வேற ஸ்ப்ரூல இருக்கும்னு தேடினா இல்ல, ஸ்பின்னர்லயும் (புரொப்பெல்லர் நடுவுல வர்ற கூம்பு) மூணு ஓட்டை தான். எக்ஸாஸ்டை பார்த்தா பக்கத்துக்கு மூணு, மார்க் 9ல பக்கத்துக்கு ஆறு குட்டி குட்டியா இருக்கணும். அடி இறக்கையை திருப்பினேன், அங்க சந்தேகமே மிச்சமில்ல. வலது இறக்கை அடியில நீளப்பெட்டி மாதிரி ரேடியேட்டர், இடது பக்கம் சின்னதா உருண்டையா ஆயில் கூலர். அது மார்க் 5.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் விளக்கிடறேன். 1941ல ஜெர்மன்காரன் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானத்தை இறக்கினதும் மார்க் 5 அதுக்கு ஈடு கொடுக்க முடியாம திணறிருச்சு, அதுக்கு பதிலா அவசர அவசரமா மார்க் 5 உடம்புலயே ரெண்டு ஸ்டேஜ் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தி ஏத்துற கருவி) வச்ச மெர்லின் 60 சீரிஸ் எஞ்சினை ஏத்தி 1942ல கொண்டு வந்தது தான் மார்க் 9. எஞ்சின் நீளம் ஜாஸ்தி, அதனால மூக்கு நீண்டுச்சு. அழுத்தின காத்தை குளுத்துற இன்டர்கூலரும் வந்ததால ரேடியேட்டர் ஜாஸ்தி தேவைப்பட்டுச்சு, அதனால இடது இறக்கை அடியிலயும் வலது பக்கம் மாதிரியே பெரிய பெட்டி வந்துச்சு. அதான், அடியில பார்த்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா மார்க் 9, ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சிறுசுன்னா மார்க் 5. ஸ்பிட்ஃபயர் கட்டுறவங்களுக்கு இது அரிச்சுவடி.

இருந்தாலும் மனசு கேக்காம ஸ்கேலை எடுத்து அளந்தேன். மார்க் 9 நிஜத்துல கிட்டத்தட்ட 9.47 மீட்டர், 1/48ல 197 மில்லிமீட்டர் வரணும். மார்க் 5 9.12 மீட்டர், அதாவது 190. ரெண்டு பாதி ஃபியூசலாஜையும் (விமான உடம்பு) ஸ்பின்னரையும் டேப் போட்டு சேர்த்து வச்சு அளந்தா 190. அந்த 7 மில்லிமீட்டருக்கு தான் நான் அவ்ளோ பணம் கொடுத்தேன், அது தான் பெட்டிக்குள்ள இல்ல.

ஆக நடந்தது என்னன்னா, மார்க் 9 பெட்டி, மார்க் 9 மேனுவல், மார்க் 9 டெக்கால் (தண்ணில நனைச்சு மாடல் மேல ஒட்டுற சின்னங்கள்), உள்ள எங்கயோ மிச்சம் கிடந்த மார்க் 5 ஸ்ப்ரூ, மேல புதுசா ராப். ராப் ரோலும் ஒரு ஹாட் ஏர் கன்னும் இருந்தா யாரு வேணா வீட்லயே சீல் போடலாம், ஹேர் டிரையர்ல கூட சுமாரா வரும். இது எனக்கு அப்ப தோணவே இல்ல. இன்னொண்ணு, பல கம்பெனி கிட் பெட்டிக்கு மேல ராப்பே இல்லாம தான் வரும், உள்ள பார்ட்ஸ் கவர் மட்டும் தான் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட கிட் ஒண்ணு பளபளன்னு ராப்போட வந்தா அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். நான் என்னடான்னா அந்த ராப்பை பார்த்து தான் மயங்கினேன்.

டெக்கால் கதை தனி. ஷீட் ஓரமெல்லாம் மஞ்சளா இருந்துச்சு. மஞ்சள் மட்டும்னா பயமில்ல, ஜன்னல் கண்ணாடில ஒட்டி கொஞ்ச நாள் வெயில் காட்டினா வெளுத்துரும். ஆனா அதுல ஒரு சின்ன ஸ்டென்சிலை (பொடி எழுத்து மார்க்கிங்) வெட்டி தண்ணில போட்டேன், அரை நிமிஷத்துல தூள் தூளா மிதக்குது. ஃபிலிம் செத்துப்போச்சு. மேல கிளியர் கோட் (நிறமில்லாத வார்னிஷ்) அடிச்சு காப்பாத்தலாம், ஆனா அப்படி அடிச்சா ஷீட் முழுக்க ஒரே படலமா ஆயிரும், ஒவ்வொரு மார்க்கிங்கையும் ஓரம் ஒட்டி தனித்தனியா வெட்டணும். ஈரமான இடத்துல வருஷக்கணக்கா கிடந்த ஷீட்டுன்னு பார்த்தாலே தெரியுது. இதுல "ஏசி ரூம்ல வச்சிருந்தேன்"னு ஒரு வரி வேற விளம்பரத்துல.

அடுத்து அந்த ரெசின் காக்பிட். பேர் போன கம்பெனி பேர் போட்ட அட்டை, ஆனா உத்து பார்த்தா கலர் ஜெராக்ஸ், எழுத்து ஓரமெல்லாம் கலங்கல். சீட்டுக்கு பின்னாடி பொடிப்பொடியா காத்துக்குமிழி ஓட்டை, இன்ஸ்ட்ருமென்ட் பேனல்ல டயல் எல்லாம் சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கி கிடக்கு. இதுக்கு பேர் தான் ரீகாஸ்ட். ஒரிஜினல் செட் ஒண்ணு வாங்கி அதை வச்சே சிலிக்கான் அச்சு எடுத்து வீட்ல வார்த்து விக்கிறது. ரெசின் இறுகும்போது துளி சுருங்கும், காப்பில இருந்து காப்பி எடுத்தா இன்னும் சுருங்கும், அதனால தான் பக்கச்சுவர் ரெண்டும் ஃபியூசலாஜ் உள்ள லொடலொடன்னு ஆடுது. ஒரிஜினல் செய்யிறவங்க பெரும்பாலும் ரெண்டு மூணு பேர் சேர்ந்து நடத்துற சின்ன கடைங்க, ஒரு மாஸ்டர் (அச்சு எடுக்கிற மூல மாதிரி) செய்ய மாசக்கணக்கா உக்காந்திருப்பாங்க. அவங்க உழைப்பை திருடி என் தலையில கட்டியிருக்கார், இது எனக்கு ஸ்ப்ரூ மாத்தினதை விட அதிகமா எரிச்சல். அதை தேய்க்க வேற போய் ஒரு சாயங்காலத்தை வீணாக்கினேன், மாஸ்க் போட்டு தண்ணி தொட்டு தொட்டு, என் கை தான் சரியில்லன்னு நினைச்சுகிட்டு.

ஆளுக்கு மெசேஜ் போட்டேன், போட்டோ எல்லாம் வச்சு, மரியாதையா தான். முதல் பதில்: "சீல் பிரிச்சிட்டீங்க, இனி ரிட்டர்ன் கிடையாது." பிரிக்காம உள்ள என்ன இருக்குன்னு நான் எப்படி பாக்குறது சார்னு கேட்டேன். ரெண்டாவது பதில்: "நானும் அப்படியே தான் வாங்கினேன், எனக்கு எதுவும் தெரியாது." சரி, இருக்கலாம், அவரும் ஏமாந்திருக்கலாம்னு ஒரு நிமிஷம் பாவப்பட்டேன். மூணாவது பதில் தான் உச்சம்: "ரெண்டும் ஸ்பிட்ஃபயர் தானே, கட்டி பெயின்ட் அடிச்சா யாருக்கு தெரியப்போகுது?" எனக்கு தெரியும்யா! அப்புறம் பிளாக். தளத்துல புகார் கொடுத்தா, பணம் எங்க வழியா வரல, நாள் வேற தாண்டிருச்சு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. அவங்களை குத்தம் சொல்ல முடியாது, ரெண்டும் நான் செஞ்ச தப்பு.

ஒண்ணு சொல்லிடறேன், பழைய அச்சுல வார்த்ததை புது பெட்டில போட்டு கம்பெனிங்க விக்கிறது வேற விஷயம், அது மோசடி இல்ல. இந்த ஹாபில அச்சு கைமாறிட்டே இருக்கும். ஃபிராக்னு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி 1970கள்ல மூடினப்ப அச்செல்லாம் சோவியத் யூனியனுக்கு போய் நோவோன்ற பேர்ல திரும்பி வந்துச்சு, ஜெர்மன் ஜப்பான் விமான அச்சுகளை மட்டும் அவங்க எடுத்துக்கல, அது ரெவெல்ன்ற இன்னொரு கிட் கம்பெனி கைக்கு போச்சு. மேட்ச்பாக்ஸ் கம்பெனி அச்சும் பின்னாடி ரெவெல் கிட்ட தான் வந்துச்சு. அதனால புது பெட்டின்னு வாங்கி உள்ள பேனல் லைன் (விமானத் தகடு சேர்ற கோடு) எல்லாம் பழைய கிட் மாதிரி மேல எழும்பி நின்னா விக்கிறவன் சட்டையை பிடிக்காதீங்க. ஸ்கேல்மேட்ஸ் தளத்துல கிட் பேரை போட்டா எந்த அச்சு எந்த வருஷம் எந்தெந்த பெட்டில வந்துச்சுன்னு வரிசையா காட்டும், நிறைய கிட்டுக்கு மேனுவல் ஸ்கேனும் இருக்கும். நான் மட்டும் அந்த மேனுவல் முதல் பக்கத்து ஸ்ப்ரூ படத்தை முன்னாடியே பார்த்து வச்சிருந்தா பெட்டி வந்த அன்னிக்கே ஒரு நிமிஷத்துல பிடிச்சிருப்பேன்.

இப்போ நான் எப்படி வாங்குறேன்னா, சீல் பிரிக்காததுன்னு சொன்னா ஆர்வமே காட்டுறதில்ல. பிரிச்ச பெட்டியா கொடுங்க, ஒவ்வொரு ஸ்ப்ரூவையும் தனித்தனியா பரப்பி, பக்கத்துல இன்னிக்கு தேதியும் என் பேரும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வச்சு போட்டோ எடுங்கன்னு கேக்குறேன். ஒழுங்கான ஆளு இதுக்கு கோவிச்சுக்கறதே இல்ல, போன மாசம் ஒருத்தர் கேக்காமலேயே ஸ்ப்ரூ எழுத்து ஏ பி சி வரிசைல வீடியோவே எடுத்து அனுப்பினார், கேனபில சின்ன கீறல் இருக்குன்னு அவரே சொன்னார். டெக்காலுக்கு வெளிச்சத்துல குளோசப். ரெசின்னா பின்பக்கத்தையும் காட்ட சொல்லுவேன், ஓட்டை அங்க தான் தெரியும். பெட்டி வந்ததும் பிரிக்கிறதை மொபைல்ல ஒரே ஷாட்ல எடுத்து வச்சுக்கறேன், அப்புறம் தான் அது கட்டில் அடிக்கு போகும். பணம் தளம் வழியா மட்டும்.

அந்த கிட் என்ன ஆச்சுன்னா, மார்க் 5 ஆவே கட்டிட்டு இருக்கேன். டெக்கால் வேற செட்ல இருந்து மிச்சம் இருந்தது, காக்பிட் கிட்ல வந்த பிளாஸ்டிக்கே போதும், கேனபி வெட்டின இடத்தை பாலிஷ் பண்ணி ஓரளவு சரி பண்ணியாச்சு. கேனபிக்கு மறந்தும் சூப்பர் க்ளூ போட்றாதீங்க, ஆவி பட்டு பனி மூடின மாதிரி வெள்ளையாயிரும். நான் பி.வி.ஏ. பசை தான் போடுவேன்.

சரி, நேத்து பார்த்தது. வேற பேர்ல ஒரு புது அக்கவுன்ட், 1/48 பி-51 மஸ்டாங், சீல் பிரிக்கல, கூட ரெசின் காக்பிட் இலவசம், கலெக்‌ஷனை குறைக்கிறேன். பெட்டிக்கு கீழ அதே பூப்போட்ட பெட்ஷீட், இடது ஓரத்துல அதே கறை. ஸ்ப்ரூ போட்டோ கிடைக்குமான்னு கீழ ஒரு வரி கேட்டு வச்சேன். பத்து நிமிஷத்துல என் கேள்வியை காணோம், விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கு.