ஒரே தடவையில் கருவியா, மாதாமாதம் சந்தாவா?

யாழ்ப்பாணத் தீவகத்துச் சிறிய வைத்தியசாலைக்கு உதவ நினைக்கும் ஊர்ச் சங்கத்துக்கு இரண்டு வழி உண்டு.

புலம்பெயர் உறவுகளிடம் பெருந்தொகை சேர்த்துக் கருவி கொடுப்பது முதலாவது. பணம் விரைவாகச் சேரும், சிக்கல் பிறகுதான். இதயத் துடிப்பைப் பதியும் ஈசிஜி இயந்திரத்துக்குத் தாளும் பற்றரியும் தொடர்ந்து வேண்டும். இரத்தத்தில் சீனி பார்க்கும் கருவி தனக்குரிய ஸ்ட்ரிப்பை (இரத்தத்துளி விடும் பட்டையை) மட்டுமே ஏற்கும். அது யாழ்ப்பாணத்தில் விற்பனைக்கு இல்லையென்றால் கருவி அலமாரிக்குள்தான். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் ஒட்சிசன் செறிவாக்கியின் வெளி வடிகட்டியைக் கிழமைக்கொருக்கால் கழுவாவிட்டால் காற்றோட்டம் குறைந்து இயந்திரம் சூடேறும். உப்புக்காற்றும் இணைப்புகளை அரிக்கும்.

மற்றது மாதச் சந்தா. 200 வீடு தலா 500 ரூபாய் தந்தால் மாதம் 100,000. சில மாதத்தில் தளரும், ஆகவே வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி செய்வது நல்லது. பணம் எடுக்க இரண்டு பேரின் கையொப்பம் வேண்டும்; வரவு செலவு அறிவித்தல் பலகையில் வரவேண்டும்.

நாங்கள் சந்தாவையே சொல்லுவோம். பழுதான இயந்திரத்தைத் திருத்த அதுதான் கைகொடுக்கும். கருவிதான் கொடுப்பதென்றால் முதலில் வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் கோரிக்கை வாங்குங்கள், சுகாதாரப் பணிமனையின் அனுமதி எடுங்கள், வைத்தியசாலைப் பொருட்பதிவேட்டில் ஏற்றுவியுங்கள். இரண்டு வருடத்துக்கான தாள், ஸ்ட்ரிப், திருத்தச் செலவையும் அந்தத் தொகையிலேயே ஒதுக்கிவிடுங்கள்.