மிசாவா–கவாடா, ஒக்காடா–ஒமேகா: இரண்டு ஜப்பானிய மல்யுத்தப் போட்டிகள்

மலேசியாவின் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் ரெஸ்லிங் என்றாலே இன்றும் அமெரிக்க நிகழ்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. அது நமக்கு நேரலையில் காலை வேளையில் வருவதால், செம்பனை ஆலையில் காலை ஷிப்டில் இருப்பவர்களுக்கு முடிவு தெரிந்த பிறகு பார்க்கும் ஆட்டமாகவே அமைந்துவிடுகிறது. ஜப்பானிய நேரமோ நம்முடையதைவிட ஒரு மணி நேரம்தான் முந்தியது. டோக்கியோவின் மாலை ஆட்டம் வேலை முடிந்து குளித்துவிட்டு உட்காரும் நேரத்துக்குச் சரியாக வருகிறது. இந்த வசதி இருந்தும் அதை நாடுகிறவர்கள் நம் பக்கத்தில் குறைவு என்பதால், ஜப்பானிய மல்யுத்தத்தின் உச்சங்கள் என்று ரசிகர்கள் எடுத்துக்காட்டும் போட்டிகளில் இரண்டை இங்கே மதிப்பிடுகிறேன். இரண்டாவதற்கே புகழ் அதிகம். என் கணிப்பில் முதலாவதே மேலானது.

முதலாவது, 1994 ஜூன் 3 அன்று நிப்பான் புடோக்கான் அரங்கில் ஆல் ஜப்பான் நிறுவனத்தின் டிரிபிள் கிரவுன் பட்டத்துக்காக மிட்சுஹாரு மிசாவாவும் தோஷியாக்கி கவாடாவும் மோதியது. இருவரும் ஒரே உயர்நிலைப் பள்ளியின் மல்யுத்த அணியிலிருந்து வந்தவர்கள்; மிசாவா ஓராண்டு மூத்தவர். மூத்தவரை மிஞ்ச முடியாத இளையவரின் மனக்கசப்பு ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவிலும் தெரிகிறது. கவாடா உதைக்கிறார், மிசாவா முழங்கையால் பதில் சொல்கிறார். சுருக்கமாகச் சொன்னால் 35 நிமிடம் 50 வினாடியும் இதுதான். ஆனால் கவாடா அடி வாங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். தாடையில் முழங்கை இறங்கியதும் அவர் சட்டென்று சாய்வதில்லை. நிற்கப் பார்க்கிறார், முழங்கால்கள் தளர்கின்றன, அதன்பிறகே உடம்பு தரையைத் தொடுகிறது. மிசாவாவின் முகமோ கடைசி வரை பெரிதாக எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் அந்த இடங்களில் மனம் பதறுகிறது.

இறுதியில் மிசாவா எடுக்கும் ஆயுதம் ‘டைகர் டிரைவர் 91’. எதிராளியின் இரு கைகளையும் பின்னால் பூட்டித் தூக்கிக் கழுத்து தரையில் படும்படி இறக்குவதால், விழுகிறவர் கையை ஊன்றித் தற்காத்துக்கொள்ள வழியே இல்லை. 1991இல் வந்த இந்த உத்தியை மிசாவா மிக அரிதாகவே கையாண்டார். கவாடாவை வீழ்த்த அதையே எடுக்க வேண்டியிருந்தது என்பது தோற்றவருக்குக் கிடைத்த பெரிய மரியாதை. பட்டப் போட்டியில் மிசாவாவை அவர் வெல்வதற்கு 1998 மே 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோம் அரங்கில் நியூ ஜப்பான் நிறுவனத்தின் ஐடபிள்யூஜிபி பட்டத்துக்காகக் கசுச்சிகா ஒக்காடா, கனடாக்காரரான கென்னி ஒமேகாவைச் சந்தித்தது. ஐந்து நட்சத்திரமே உச்சம் என்று பலரும் நினைத்திருந்த வேளையில் விமர்சகர் டேவ் மெல்ட்சர் இதற்கு ஆறு கொடுத்தார். அவ்வளவுக்குத் தகுமா? கடைசி இருபது நிமிடங்களுக்குத் தகும். ரிங்குக்கு வெளியே மேசைமேல் ஒமேகா போய் விழுவதும், மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி ஒக்காடா தம் ‘ரெயின்மேக்கர்’ அடியைத் திரும்பத் திரும்ப இறக்குவதும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் 46 நிமிடம் 45 வினாடி ஓடும் ஆட்டத்தின் முற்பகுதியில் பட்ட அடிகள் பிற்பகுதியில் எந்த உறுப்பிலும் நோவாகத் தெரிவதில்லை. அந்த நேரம் வெறுமனே கடத்தப்பட்டதாகவே எனக்குப் படுகிறது. புடோக்கானில் அப்படி வீணான நிமிடங்கள் இல்லை.

ஒமேகாவின் பக்கம் ஒரு நுணுக்கம் உண்டு. தம் முடிவு உத்தியான ‘ஒன் விங்டு ஏஞ்சலை’ அவரால் அன்று ஒருமுறைகூடப் போட முடியவில்லை. ஜூன் 11 அன்று ஒசாக்காவில் போட்டார். ஒக்காடாவின் கால் கயிற்றில் பட்டதால், தோள்களைத் தரையில் அழுத்தி வெல்வதற்கான மூன்று எண்ணிக்கை நின்றது, ஆட்டம் அறுபது நிமிடச் சமனில் முடிந்தது. ஆகஸ்டு 12 அன்று, நியூ ஜப்பானின் ஆண்டுத் தொடரான ஜி1இல்தான் அது பலித்தது. ஆகவே ஜனவரி ஆட்டத்தைத் தனியாகப் பார்ப்பவருக்கு முதல் அத்தியாயம் மட்டுமே கிடைக்கிறது. அதன் குறைகளில் பாதியை அடுத்த இரண்டும் ஈடுகட்டுகின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அரங்கின் அமைதி உறுத்தலாம். பிடிகள் நடக்கும்போது கூட்டம் கூர்ந்து கவனிக்கிறது. மூன்று எண்ணுவதற்கு ஒரு நொடி முன்னால் தோள் எழும்போதுதான் கால்களால் தரையைத் தட்டி ஆர்ப்பரிக்கிறது. நியூ ஜப்பானில் வெளியே விழுந்தவருக்கு நடுவர் அமெரிக்கா போல் பத்து அல்ல, இருபது வரை எண்ணுவதால் ஆட்டத்தின் மூச்சே வேறு. வர்ணனை ஜப்பானிய மொழியிலேயே இருக்கட்டும். புரியாவிட்டாலும் வர்ணனையாளரின் குரல் ஏறி இறங்குவதே போதும்.

இந்தப் பாணியைப் பரிந்துரைப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், தலை பின்பக்கமாகத் தரையில் மோதும் ஓர் உத்தியை ஏற்ற பிறகு நினைவிழந்து அன்றிரவே இறந்தார். 2017 ஏப்ரலில் ஒக்காடாவைத் தலையால் முட்டிய கட்சுயோரி ஷிபாட்டாவுக்கு மூளைக்கருகே இரத்தம் கசிந்து அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. கழுத்தில் விழும் உத்திகளைச் சிறுபிள்ளைகள் மெத்தையில் செய்து பார்க்காதபடி பெரியவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லது.

நேரம் குறைவாக இருப்பவர்கள் 1990 ஜூன் 8 அன்று மிசாவா, ஜம்போ சுருதாவை வென்ற போட்டியிலிருந்து தொடங்கலாம். அது ஏறக்குறைய 24 நிமிடம்தான். அதன் பிறகு 1994ஐப் பார்த்துவிட்டு 2017க்கு வாருங்கள். தோட்டத்து இணைய இணைப்பு மாலையில் திணறும் வீடுகளில், படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டாவது இடையில் நிறுத்தாமல் முழு ஆட்டத்தையும் ஒரே அமர்வில் பார்த்துவிடுங்கள்.