ஆறு மாத ‘நர்சிங் டிப்ளோமா’வுக்குக் காசு கட்டுவதற்கு முன்

பரீட்சை ரிசல்ட் வந்த கையோடு நம் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை டவுன் பக்கம் போஸ்டர் ஏறிவிடும். ஆறே மாதத்தில் தாதியாகலாம், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) தேவையில்லை, வெளிநாட்டில் வேலை நிச்சயம் என்று. நோட்டீஸ் தோட்டத்து லயம் வரைக்கும் வரும். நகையை அடகு வைத்துப் படித்து முடித்த பிள்ளை, அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டும் இடத்தில்தான் அது தாதியர் படிப்பே இல்லை என்று தெரிந்துகொள்கிறது.

பெரிய பொய் கட்டணத்தில் இல்லை. “இப்போதைக்கு இதைப் படி, பிறகு அப்படியே மேலே போய் முழுத் தாதியாகலாம்” என்று சொல்கிறார்களே, அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ‘பிராக்டிகல் நர்ஸ்’ என்று ஒரு தரம் உண்மையிலேயே உண்டு. ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு, என்கிளெக்ஸ்-பிஎன் பரீட்சை, அதன் பிறகு மாநில லைசென்ஸ். பதிவுபெற்ற தாதிக்கு வேறு பரீட்சை, என்கிளெக்ஸ்-ஆர்என். முன்பு படித்ததைக் கணக்கில் எடுத்து மேல் தரத்துக்குக் கொண்டுபோகும் படிப்புகளும் அங்கே இருக்கின்றன. நம்மூர் நிறுவனங்கள் அந்தப் பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டன. ஆறு மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு இலங்கை தாதியர் பேரவையில் பதிய முடியாது. அரசாங்கத் தாதியர் பயிற்சியில் அதற்காக ஒரு மாதம்கூடக் குறைக்க மாட்டார்கள்.

உண்மையான வழி இரண்டுதான் பெரும்பாலும். ஒன்று, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள். கண்டியிலும் பதுளையிலும் இருக்கின்றன. மூன்று வருடம், கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவும் உண்டு. வர்த்தமானியில் அழைப்பு வரும்போதுதான் விண்ணப்பிக்கலாம். வழமையாக ஏ.எல். விஞ்ஞானப் பிரிவுச் சித்தி கேட்பார்கள். எந்த வருட ஏ.எல். பிள்ளைகளை அழைக்கிறார்கள், வயதெல்லை என்ன என்பதை அந்தந்த அறிவித்தலிலேயே வாசியுங்கள். போன தடவைக் கணக்கை நம்ப வேண்டாம். மற்றது, பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களின் நான்கு வருடத் தாதியர் பட்டம். அதற்கு உயிரியல் பிரிவும், பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல். முடிவில் கணக்கிடும் இசட் புள்ளியும் வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் முடித்துப் பதிவுபெற்றவர் பிற்பாடு திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுக்கலாம். இந்த நாட்டில் மேலே ஏறும் படி என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

காட்டும் காகிதத்தைக் கவனியுங்கள். சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது பல நேரம் வியாபாரப் பதிவுச் சான்றிதழ். சில்லறைக் கடைக்கும் அதே காகிதம்தான். அடுத்தது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு. அது நிறுவனத்துக்கு உரியது. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்க வேண்டுமானால் அந்தப் பாடநெறிக்கும் தனியாக அங்கீகாரம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்புக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி நர்சிங் வகுப்பு விற்பது இந்த இடைவெளியில்தான். பாடநெறியின் பெயரையும் என்.வி.கியூ. மட்டத்தையும் எழுதி வாங்கி, ஆணைக்குழுவிடம் நீங்களே கேளுங்கள். லண்டன் சான்றிதழ் என்று மேலதிகக் காசு கேட்டால், அதை வைத்து எந்த நாட்டின் தாதியர் சபையில் பதியலாம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஏமாற்று வார்டுப் பயிற்சி. அரச வைத்தியசாலையில் பயிற்சி என்பார்கள். கடைசியில் ஏதாவது முதியோர் இல்லத்தில் சம்பளமில்லாமல் வேலை வாங்குவார்கள். படுக்கை விரிப்பு மாற்றுவதும் நோயாளியைத் துடைத்துவிடுவதும் தேவையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பிரஷர், நாடித்துடிப்பு, காய்ச்சல் பார்த்து அட்டையில் குறிக்கவும், கிருமித் தொற்று வராமல் கை கழுவிக் கையுறை போடவும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு பதிவுபெற்ற தாதி இல்லையென்றால் அது பயிற்சியில்லை. எந்த வைத்தியசாலை, எந்த வார்டு, எத்தனை மணித்தியாலம் என்று வைத்தியசாலையே கொடுத்த கடிதத்தைப் பார்க்காமல் சேர வேண்டாம்.

விஞ்ஞானம் படிக்காத பிள்ளைக்குத் தாதி உதவியாளர் படிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தமிழ் மொழியில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை நம் பக்கம் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். உதவியாளர் வேலைக்கு என்றே தெரிந்து படியுங்கள். முதலில் அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், தொழில் பழகுநர் பயிற்சி தரும் நைட்டாவிலும் விசாரியுங்கள். விஞ்ஞானத்தில் ஏ.எல். சித்தி கையில் இருப்பவர் இதற்குக் கடன்படுவது வீண். வர்த்தமானிக்குக் காத்திருங்கள், இசட் புள்ளி குறைவென்றால் மறுபடி எழுதுங்கள்.

வெளிநாட்டு ஆசைக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானில் குறித்த திறன் விசாவில் பராமரிப்பு வேலைக்குப் போக அவர்களுடைய ஜப்பானிய மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் திறன் பரீட்சையும் சித்தியாக வேண்டும். இந்த டிப்ளோமாவை அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை.

அசல் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஃபோட்டோ பிரதி போதும். தவணை தவணையாகக் கட்டினாலும் ஒவ்வொரு ரசீதிலும் பாடநெறியின் முழுப் பெயர் இருக்க வேண்டும். வெறுமனே ‘பீஸ்’ என்று எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு எதற்காகக் கட்டினீர்கள் என்று நிரூபிக்க முடியாது. சிங்களத்தில் மட்டும் இருக்கும் ஒப்பந்தமென்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு ஒப்பமிடுங்கள். ‘பணம் மீளளிக்கப்படாது’ என்ற வரி அதில்தான் இருக்கும்.

ஏற்கனவே காசு கட்டி மாட்டிக்கொண்டவர்கள் ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977க்கு அழையுங்கள். தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் முறையிடுங்கள். வெளிநாட்டு வேலை தருவதாகக் காசு வாங்கியிருந்தால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் அந்த இடத்துக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். அடுத்த தவணையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.