ஒரு பைக்கு இடமில்லாத ஒழுங்கை

யாழ்ப்பாணம் குப்பைக்காடாகிவிட்டது என்ற பேச்சை ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் கூடும் வீடுகளில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். பெரிய வீதிகளைப் பொறுத்தவரை அது நியாயமற்ற பேச்சு என்பதை இம்முறை நேரில் கண்டேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த ஆரியகுளம், 2021இல் புனரமைக்கப்பட்ட பிறகு மாலையில் ஆட்கள் குடும்பமாக வந்து இருக்கும் இடமாகிவிட்டது. என் மனத்தைப் புண்படுத்தியது எங்கள் ஒழுங்கை. அதிலும் எங்கள் படலையடியில் கிடந்த ஒரு கறுப்புப் பொலித்தீன் பை.

அம்மா நெடுநாளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவருக்குக் கட்டும் பம்பஸ், அதாவது ஒருமுறை பயன்படுத்தி எறியும் அணையாடை, நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருந்தது. குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் எங்கள் பகுதிக்கு ஒழுங்காகவே வருகிறது. உக்கும் கழிவு, பொலித்தீனும் பிளாஸ்திக்கும், போத்தல்கள் என்று பிரித்து வைத்தால் மறுபேச்சின்றி ஏற்றிக்கொள்கிறார்கள். நானும் அவ்வாறே பிரித்து, பம்பஸ்களை மட்டும் இரட்டைப் பையில் இறுகக் கட்டி வைத்தேன். பெட்டியில் நின்ற தொழிலாளி மற்றவற்றையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தப் பையை மட்டும் மதிலோரம் திரும்ப வைத்தார். “அக்கா, குறை நினைக்காதேங்கோ. இதை ஏத்திக்கொண்டு போனால் அங்கை இறக்க விடமாட்டினம், பிறகு எங்களுக்குத்தான் பேச்சு விழும்” என்றார். கையுறைகூட இல்லாமல் ஊரின் கழிவை அள்ளும் அந்த மனிதரோடு எனக்கு எந்தக் கோபமும் இல்லை. குப்பை எடுக்கும் சபையின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது பேசிய உத்தியோகத்தரும் மரியாதையாகவே பேசினார். வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாழ்க்கும்படி சொன்னார்.

அந்தக் காலத்தில் கிடங்கு வெட்டித்தான் வாழ்ந்தோம் என்பது உண்மையே. விடியற்காலையில் முற்றம் கூட்டிய சருகு தென்னையடிக்குப் போனது, வேலிப் பூவரசின் குழை தோட்டத்துக்குப் போனது, கஞ்சித்தண்ணீரும் தவிடும் மாட்டுக்குப் போயின, மிஞ்சிய சிறிதளவு பின்வளவுக் கிடங்கில் உக்கி மண்ணானது. வீட்டிலிருந்து வெளியே எறிவதற்கென்று ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் இந்தப் பம்பஸ் உக்காது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீரைத்தான் கிணற்றால் அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கல் வெடிப்பும் துவாரமும் நிறைந்தது என்பதால், மேலே தாழ்ப்பது சரிவர வடிகட்டப்படாமலே கீழிறங்கிவிடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட துயரத்தைக் கண்ட பிறகும், கிணற்றிலிருந்து சில யார் தூரத்தில் மலக்கழிவைத் தாழ்க்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எரிக்கலாம் என்றால் ஈரப் பஞ்சும் பிளாஸ்திக்கும் சேர்ந்து கிளப்பும் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சில்தான் போய்ச் சேரும்.

இதே பொருளை ரொறன்ரோவில் சமையலறைக் கழிவோடு பச்சைத் தொட்டியில் போடலாம். குழந்தையின் பம்பஸும் முதியவர்களின் பம்பஸும் அதில் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. வாரந்தோறும் எடுத்துச் சென்று, பிளாஸ்திக்கைப் பிரித்தகற்றி, எஞ்சியதைக் காற்றில்லாத கலன்களில் நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கிறார்கள். அங்குள்ள என் அயலவர் எவரும் எங்கள் ஒழுங்கைச் சனத்தைவிட ஒழுக்கமானவர் என்று நான் நம்பவில்லை. 2009 கோடையில் ரொறன்ரோ மாநகரத் தொழிலாளர் 39 நாட்கள் பணிப்புறக்கணிப்புச் செய்தபோது, பூங்காக்களையே தற்காலிகக் குப்பை மேடாக்க வேண்டி வந்தது. வண்டி வராவிட்டால் எந்த நகரமும் நாறும்.

பை எங்கள் மதிலோரம் கிடந்த நாட்களில், ஒழுங்கையின் ஏனைய குப்பை எங்கே போகிறது என்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். காசு தந்தால் கொண்டுபோகிறேன் என்று ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் முன்வந்தார். எங்கே கொண்டுபோவீர் என்று கேட்டபோது பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரிந்தே இருந்தது. மூன்று வீடு தள்ளி ஒரு வெறுங்காணி, திருப்பத்தில் இன்னொன்று, அதற்கப்பால் கூரை விழுந்த வீட்டோடு மற்றொன்று. மூன்றிலும் பற்றை, பற்றைக்குள் பம்பஸ், குரும்பைக் கோம்பை, சிரட்டை, உடைந்த பூச்சாடி. மாரி மழை பெய்ததும் அவை அத்தனையும் நுளம்புத் தொட்டிகளாகிவிடும். பிறகு டெங்குக் காய்ச்சல், பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கு வழக்கு. காணிச் சொந்தக்காரர்களோ கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். ஊர் அசுத்தம் என்று கொண்டாட்ட வீட்டில் சொல்லும் எங்கள் ஆட்களின் காணிகளே ஊரின் குப்பை மேடுகளாக இருப்பதைக் கண்டபோது எனக்குத் தாங்க முடியாத வேதனையாக இருந்தது.

திரும்பும் வழியில் கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினேன். காலையில் கதவைத் திறந்தபோது காலி வீதி கூட்டிக் கிடந்தது. தொடர்மாடியின் காவலாளி பைகளைக் கீழே கொண்டுபோய்ப் பிரித்து வைக்கிறார். பம்பஸ் பையையும் வண்டியில் ஏற்றுகிறார்கள். சற்று மனம் ஆறியது. ஆயினும் கொழும்பின் இந்தத் துப்புரவுக்கு வேறொருவர் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை மறக்க முடியவில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டன்று, கொழும்பின் குப்பை கொட்டப்பட்ட மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதில் 30 பேருக்கு மேல் மாண்டார்கள். கூட்டிய வீதியை மட்டும் பார்த்து ஒரு நகரத்துக்கு மதிப்பெண் போடக் கூடாது. கூட்டியது யாருடைய வாசலில் போய்க் குவிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தண்டம் அறவிட்டால் சரியாகிவிடும் என்று சித்தப்பா சொன்னார். யாழ்ப்பாணத்தில் அதற்கும் முயன்றார்கள். 2021இல் வீதியில் குப்பை போடுவோரைப் பிடிக்க மாநகர சபை ஒரு சிறு காவல் அணியை அமைத்தது. அவர்களுடைய நீலச் சீருடை புலிகளின் காவற்றுறைச் சீருடையைப் போன்றிருக்கிறது என்று கூறி அப்போதைய மாநகர முதல்வரையே கைது செய்தார்கள். அது பெரும் அநியாயம் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் போட இடமே கொடுக்காத பொருளுக்குத் தண்டம் விதித்துப் பயன் என்ன? நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயில் வீதியில் வெறுங்காலோடு நடக்கிறோம். அங்கே தொட்டியும் இருக்கிறது, கூட்ட ஆளும் இருக்கிறது, அதே சனம் துப்புரவாகவே நடந்துகொள்கிறது.

புறப்படுமுன் எங்கள் சனசமூக நிலையத்தில் இதைப் பேசினோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். அந்த வீடுகளைப் பதிந்து, வேறு நிறப் பையில், வாரத்தில் ஒரு நாள், கட்டணத்தோடு எடுக்க வேண்டும். தொழிலாளருக்குக் கையுறையும் காலணியும் அந்தக் கட்டணத்திலிருந்தே வாங்கலாம். இறக்கும் இடத்தில் அதற்கெனத் தனியிடம் ஒதுக்க வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வெறுங்காணிகளின் சொந்தக்காரரிடம் வேலியடைக்கவும் ஆண்டுதோறும் பற்றை வெட்டவும் காசு சேர்ப்பது என் பொறுப்பு. அவர்களில் ஒருவர் ரொறன்ரோவுக்கு அருகே மார்க்கம் நகரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணர். இந்த மாதமே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதுவரை பைகளை மூடியுள்ள பீப்பாவுக்குள் போட்டு வைக்கும்படி அம்மாவைப் பார்க்கும் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.